துரைக்கு வைத்த கோழித்தீன்

மகன்,

கப்பல்துறைக் காணியில் கொட்டிலுக்கு நீ நாட்டியிருக்கும் மரக் கப்புகளில், கிணற்றுப் பக்கமாக மூன்றாவது கொஞ்சம் சரிந்து நிற்கிறது. போன சனிக்கிழமை வந்தபோதே கண்டேன். சொல்லவில்லை. பக்கத்தில் ஜெனிற்றா நின்றாள். கலியாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பெண்ணுக்கு முன்னால் மாப்பிள்ளையின் வேலையில் பிழை பிடிப்பது அழகில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். நீ பிறந்த நாளிலிருந்து உன் பிழைகளைச் சொல்லத் தயங்காத நான் அன்று ஒருநாள் அடக்கமாக இருந்தேன். ஆனால் அந்தக் கப்பை விடப் பெரிய விஷயம் ஒன்றும் அன்று நடந்தது. அதற்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். அது அடக்கம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிரதியை உனக்குத் தருகிறேன். இன்னொன்றை நம் கோயிலின் பங்கு மலருக்குக் கொடுத்துவிட்டேன். மலர் கலியாணத்துக்குப் பிறகுதான் வரும். எல்லோரும் வாசிக்க ஏன் எழுத வேண்டும் என்று நீ கேட்பாய். பழி எல்லோர் முன்னாலும்தான் உன் மேல் விழுந்தது. அதை வீட்டுக் குசினிக்குள் வைத்து இரகசியமாக எடுத்துவிட ஏலாது.

நீ அன்று எனக்குக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினாய். சுவர் இல்லை, பதினாறு கப்புகள், மேலே வளை, அதற்கு மேல் இனித் தகரம் வரும். வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் பக்கம் மட்டும் பலகை அடித்து மறைக்கப் போவதாகச் சொன்னாய். நல்லது. மேலே ஒரு முழம் திறந்து விடு, இல்லாவிட்டால் ஆட்டு மூத்திர நெடி உள்ளேயே நிற்கும். கச்சான் காற்று வரும் மேற்குப் பக்கத்தை மறைக்காதே. அது புழுதியோடு வந்தாலும் தரையை உலர்த்தும். கப்பின் அடியில் கல் போட்டு, தார் பூசி, மண்ணை அலவாங்கால் இடித்து இறுக்கியிருக்கிறாய், சீமெந்து ஊற்றவில்லை. அதுவும் சரி. சீமெந்துக்கும் மரத்துக்கும் இடையில் தண்ணீர் நின்று, வெளியே தெரியாமல் உள்ளே உக்கும். கழுதைகள் நிற்கப் போகும் பக்கத்துக்குக் கிறவல் மண் கொட்டி ஒரு சாண் உயர்த்தியிருக்கிறாய். மாடு மழையில் நனைந்துகொண்டு அசைபோடும். கழுதையின் மயிரில் தண்ணீர் ஓடாது, தோல்வரை ஊறும், சேற்றில் நின்றால் குளம்பு அழுகும். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. மன்னாரில் ஆறு வருடம் கிடந்து நீயே படித்ததுதான். மன்னாருக்கு நீ ஏன் போக வேண்டி வந்தது என்பதற்கு வருகிறேன்.

தீன் அறையைக் காட்டினாய். அது கொட்டிலோடு இல்லை. வளவின் மற்றக் கரையில், கிணற்றையும் தாண்டி, தனியாகக் கல்லால் கட்டியிருந்தாய். கதவுக்கு இரண்டு கொண்டி, ஒரு பூட்டு. ஜெனிற்றா அதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"மாமி, நீங்களாவது ஒருக்கா சொல்லுங்கோ. மாரியில வாளியையும் தூக்கிக்கொண்டு இந்த வளவைக் கடந்து நான் எத்தினை தரம் நடக்கிறது? கொட்டிலோட ஒட்டிக் கட்டினா என்ன குறைஞ்சுபோகும்? இந்த லட்சணத்தில கோழியும் வேண்டாமாம்."

நீ சிரித்தாய். "ஏலாது. நான் ஏற்கெனவே ஒரு கழுதையைச் சாகடிச்சனான். என்னை நம்பிக் கதவு வைக்கக் கூடாது."

"உண்மையே மாமி? இவர் அவ்வளவு கவனமில்லாத ஆளே?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டப்போகிறவனைப் பற்றி அவனுடைய தாயிடம் ஒரு பெண் கேட்கும் கேள்வி அது. நான் சொன்னது என்ன? "வெயில் ஏறுது, வாங்கோ போவம்." அவ்வளவுதான். நீ வழக்கம்போல முன்னால் நடந்து எனக்காகப் படலையைத் திறந்து பிடித்தாய். நான் வெளியே வந்ததும் அதை மூடினாய். மூடிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாய். ஏழு வருடத்துக்கு முந்தி உன்னிடம் அந்தப் பழக்கம் இல்லை.

மகன், அந்தக் கழுதையை, நம் துரையைக் கொன்றது நீ இல்லை. நான்.

இனி முழுவதையும் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். எனக்கு மட்டும் தெரிந்ததையும் அதோடு சேர்த்து வாசி.

ஆண்டாங்குளத்துக் காணியில் நாம் முதல் கொட்டிலைக் கட்டியபோது உனக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தாய். உன் அப்பா கட்டாரில். அவருடைய கனவு அது. திரும்பி வரும்போது ஆடும் மாடும் கோழியுமாக ஒரு பண்ணை இருக்க வேண்டும், அதை நீ பார்த்துக்கொள்ள வேண்டும். நான் விவசாயம் படித்தவள், விவசாயிகளுக்கு வகுப்பு எடுப்பவள், ஆகவே திட்டம் என்னுடையது. உடம்பு உன்னுடையது. நீ குழி வெட்டினாய், நான் நூல் பிடித்தேன். ஒரு கப்பை மூன்று தரம் பிடுங்கி நாட்ட வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் தரம் உன் கை கொப்பளித்து இரத்தம் வந்தது. "இப்ப சரியே அம்மா?" என்று கேட்டாய். "இப்ப பரவாயில்லை" என்றேன். உண்மையில் இரண்டாம் தரமே அது நேராக நின்றது. நான் பிடித்த நூல்தான் தளர்ந்திருந்தது. மூன்றாம் தரம் நூலை இழுத்துக் கட்டியபோது கண்டேன். அப்போதும் சொல்லவில்லை. பிழை யாருடையது என்று பார்க்குமுன்பே அது உன்னுடையது என்று நீ எடுத்துக்கொள்வாய். அது எனக்கு வசதியாக இருந்தது. உன்னை அப்படி வளர்த்தது நான்தான். பாடசாலைக் கொப்பியில் தொடங்கி, கோப்பை கழுவுவது வரை, உன் கையிலிருந்து எதையும் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் நான் வைத்ததில்லை. பிள்ளை கவனமாக வளர்கிறான் என்று நினைத்தேன். பயந்து வளர்ந்திருக்கிறாய்.

கழுதை வாங்கும் யோசனையும் என்னுடையதுதான். தெருநாய்கள் கூட்டமாக வந்து இரண்டு முறை ஆடுகளைக் கடித்துப் போட்டன. கழுதை நிற்கும் மந்தைக்குள் நாய் வராது என்று படித்திருந்தேன். மன்னாரில் இருக்கும் என் மச்சாளிடம் சொல்ல, அவள் ஒரு கிடாயும் ஒரு பெட்டையுமாக இரண்டை லொறியில் ஏற்றி அனுப்பினாள். ஒன்று மட்டும் அனுப்பாதே, தனியே நின்றால் அது ஆட்டுக்குட்டியைக் கடிக்கும் என்றும் நான்தான் சொன்னேன். புத்தகம் சொன்னது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. லொறி வந்து நின்றபோது ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடிவிட்டது. "கம்பசில படிச்ச மிஸ் கடைசியில கழுதை மேய்க்கிறாவாம்" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நீ கிடாய்க்குத் துரை என்றும் பெட்டைக்குப் பவளம் என்றும் பெயர் வைத்தாய். "துரை, வெளியில வாங்கோ, துரைக்குத் தண்ணி வேணுமோ?" என்று வெள்ளைக்காரனுக்குப் பணிவிடை செய்கிறவன்போல நீ கயிற்றைப் பிடித்துக் குனிந்தபோது அந்தச் சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே நினைத்தேன்.

ஆனால் நாய்கள் நின்றுவிட்டன. முதல் மாதமே துரை ஒரு நாயைப் பல்லால் தூக்கி எறிந்தது. அதன்பிறகு ஆட்டை நாய் தொட்ட கதை இல்லை. ஊரும் வாயை மூடியது. அடுத்த வருடத் தவக்காலத்தில் புதிதாக வந்த பங்குச்சுவாமி என்னிடம் வந்து, குருத்து ஞாயிறுப் பவனிக்கு உங்கள் கழுதையைத் தருவீர்களா என்று கேட்டார். யாரும் ஏறத் தேவையில்லை, சனத்துக்கு முன்னால் நடந்து வந்தால் போதும், மகன் பிடித்துக்கொண்டு வரட்டும் என்றார். நான் கோயிலுக்குப் போவது பெரும்பாலும் வழக்கத்துக்காகத்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த சனம் என் கழுதைக்குப் பின்னால் குருத்தோலை பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறது. அந்த நினைப்பு எனக்கு இனித்தது. இதை எழுதவே கூசுகிறது.

அப்போதுதான் கோயில் சபைத் தலைவர் மரியதாஸ் அண்ணை துரையைப் பார்க்க வந்தார். மாரி முடிந்த நேரம். எல்லாக் கழுதையும் கொஞ்சம் மெலிந்து, மயிர் உதிர்ந்துதான் நிற்கும். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது கழுதையோ, கழுதையின்ர எலும்போ? கர்த்தர் இதில ஏறியிருந்தா எருசலேமுக்கு நடந்துதான் போயிருப்பார்" என்றார். கூட வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அண்ணை, நீங்கள் ஏறாட்டிச் சரி" என்று அவருடைய தொந்தியைக் காட்டினாய். அந்தப் பகிடியோடு உனக்கு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. கால்நடைத் தீவனம் பற்றி மாவட்டம் முழுக்க வகுப்பு எடுக்கிற என்னிடம் என் மிருகம் மெலிவு என்று சொல்லிவிட்டாரே என்று கொதித்தேன்.

அன்று பின்னேரமே தொடங்கினேன். துரையை மட்டும் தனியே கட்டி, தவிட்டோடு ஒரு தகரப் பேணி கோழித்தீன் கலந்து வைத்தேன். இறைச்சிக்கோழிக் குஞ்சுகளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சாக்கு. சத்துக் கூடியது, விரைவில் உடம்பு வைக்கும். நீ ஆடுகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் நேரமாகப் பார்த்து வைத்தேன். மறைக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. கழுதைக்கு வைக்கோலும் புல்லும் போதும் என்று உனக்கு நானே சொல்லியிருந்தேன். நான் சொன்னதை நானே மீறுவதை நீ காணக்கூடாது என்ற வீம்புதான். பத்து நாள் கொடுத்தேன். கடைசி மூன்று நாளும் இரண்டு பேணி.

வியாழக்கிழமை காலை துரை எழும்பவில்லை. நீதான் வந்து கூப்பிட்டாய். விலா முழுவதும் வேர்த்து, பின்னங்கால் இரண்டும் நடுங்க, உன் தோளில் முட்டுக்கொடுத்து எழும்ப முயன்று எழும்ப முயன்று விழுந்தது. கால்நடை வைத்தியர் மத்தியானத்துக்கு முன் வந்தார். சின்ன வயதுக்காரர், அமைதியானவர். நெஞ்சில் குழலை வைத்து அதிக நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, "மிஸ், இது கோழித்தீன் ஏதும் திண்டதோ?" என்றார்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வராமல் தீனில் கலக்கும் மருந்து குதிரைக்கும் கழுதைக்கும் நஞ்சு. இதயத்தைப் பிடிக்கும். இரண்டாம் வருடத்தில் இதை நான் குறிப்பாக எழுதியிருக்கிறேன். பரீட்சையில் பதிலாகவும் எழுதியிருக்கிறேன். மாட்டுக்கும் கோழிக்குமே வகுப்பு எடுத்து எடுத்து, கழுதையை யாரும் கேட்காததால், அது எங்கோ போய்விட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்ததை மறந்து செய்தேன்.

வைத்தியர் என் பதிலுக்குக் காத்திருந்தார். கொட்டிலோடு ஒட்டிய தீன் அறையின் கதவு திறந்து கிடந்தது. அது அடிக்கடி அப்படிக் கிடக்கும், நீ கொண்டி போட மறப்பாய், நான் ஏசுவேன். நான் அந்தக் கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கதவு நேற்றுப் பின்னேரமும் திறந்துதான் கிடந்தது" என்றேன்.

அது உண்மை. அதில் ஒரு சொல் பொய் இல்லை. உன் தாய் எவ்வளவு கெட்டிக்காரி என்று பார்.

 "நான்தான் டொக்டர்," என்றாய். "வாளி எடுக்க வந்தனான். கதவை மறந்துபோனன். நான்தான்." வைத்தியர் உன் தோளில் தட்டி, "வேணுமெண்டு செய்யேல்லைத்தானே தம்பி" என்றார். நீ என்னைப் பார்த்தாய். ஏசுவேன் என்று எதிர்பார்த்தாய். நான் ஏசவில்லை. உன் தலையைத் தடவினேன். மகன், என் வாழ்க்கையில் நான் செய்த மிக இழிந்த காரியம் எது என்று கேட்டால், கழுதைக்கு நஞ்சு வைத்ததைச் சொல்லமாட்டேன். அந்தத் தடவலைத்தான் சொல்வேன். நீ அதைப் பெரிய மன்னிப்பாக எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து அழுதாய்.

துரை பின்னேரம் நாலு மணிபோல் செத்தது. குழி வெட்டுமுன் உடலைக் கொஞ்ச நேரம் பவளத்தின் பக்கத்தில் விட வேண்டும், அது மோந்து பார்த்து விளங்கிக்கொள்ளட்டும் என்று நீ சொன்னாய். எனக்குத் தெரியாத விஷயம் அது. உனக்கு யார் சொன்னார்களோ. பவளம் வெகுநேரம் நின்றது. பிறகு தானாகவே திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமைப் பவனியில் நீ போகாமல் இருந்திருக்கலாம். போனாய். முன்னால் நடக்கக் கேட்டார்கள், முன்னால் நடப்பேன் என்றாய். மரியதாஸ் அண்ணை குருத்தோலையை நீட்டிக்கொண்டே, "கழுதை இல்லையெண்டா என்ன, கழுதையைச் சாகடிச்ச கழுதை நிக்குதுதானே!" என்றார். சனம் சிரித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு ஓலையை வாங்கினாய். நான் நாலு அடி பின்னால் நின்றேன். என் பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்து, "பாவம் மிஸ், எவ்வளவு ஆசையா வளத்தனீங்கள்" என்றாள். நான் அந்த அனுதாபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தன வரிசையில் நீ நின்றாய். நானும் நின்றேன், உனக்கு மூன்று பேர் பின்னால். நீ உள்ளே போய்ச் சிவந்த கண்ணோடு வந்தாய். எனக்கு முன்னால் ஒருத்தி மட்டும் இருந்தபோது, தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில், "சுவாமி ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை அம்மா. இனிக் கவனமா இரு எண்டார். மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்" என்றாய். என் பாவத்துக்கு நீ செபம் சொல்லிவிட்டு வந்தாய். கடவுள் இருக்கிறாரா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அன்று இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

அப்பாவுக்கும் நான் அதே கதையைத்தான் சொன்னேன். அவர் போனில் உன்னைப் பேசிய பேச்சு எனக்கு அடுத்த அறைவரை கேட்டது. "ஒரு கதவு பூட்டத் தெரியாதவனுக்கு என்னத்துக்குப் பண்ணை? எல்லாத்தையும் வித்துப்போட்டு வேற வேலை பார்." மாடுகளும் ஆடுகளும் போயின. காணி அடைபட்டுக் கிடந்தது. பவளம் தின்னாமல் நின்றது. துணை இல்லாவிட்டால் இது தங்காது என்று நீயே லொறி பிடித்து மன்னாருக்குக் கொண்டுபோனாய். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னாய். அங்கே மச்சாளின் கணவருக்குப் பண்ணை வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆறு வருடம் அங்கேயே நின்றுவிட்டாய். பெருநாளுக்கு வந்தாலும் இரண்டாம் நாளே திரும்பிவிடுவாய். நான் உன்னை மறிக்கவில்லை. நீ வீட்டில் இல்லாதபோது எனக்கு இலேசாக இருந்தது. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது மௌனம். இனிச் சொல்லப்போவது அதைவிட மோசம். விவசாயிகளுக்கான வகுப்புகளில் நான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு வகை மிருகத்தின் தீனை இன்னொன்றுக்குப் போடாதீர்கள் என்று சொல்லும் இடத்தில், "என் சொந்த மகனுடைய கவனக்குறைவால் ஒரு கழுதை செத்தது" என்பேன். நல்ல உதாரணம். எல்லோரும் நிமிர்ந்து கேட்பார்கள். எத்தனை ஊரில் சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல ஆகிவிட்டது. போன வருடம் குறிஞ்சாக்கேணியில் ஆடு வளர்க்கும் பெண்களுக்கு வகுப்பு. நான் சொல்லி முடித்ததும் முன்வரிசைக் கதிரையில் இருந்த ஒரு உம்மா, என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவ, கையைக்கூட உயர்த்தாமல் கேட்டா:

"அந்த மகன் இப்ப எங்க மிஸ்?"

"வெளியூரில வேலை செய்யிறார்."

"எண்ட புள்ளயெண்டா, அவன் மெய்யாவே செஞ்சிருந்தாலும், ஊர் ஊராப் போய்ச் சொல்லித் திரிய மாட்டேன்." சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "தீனைப் பூட்டி வைக்கச் சொல்ல ஒரு புள்ளட மானம் வேணுமா?" என்றா.

யாரும் சிரிக்கவில்லை. நான் அடுத்த பாடத்துக்குப் போனேன். அதன்பிறகு அந்த உதாரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. ஒரு வருடம் அப்படியே போனது. போன மாதம் கோயிலில் உங்கள் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்த ஞாயிறு, வாசலில் மரியதாஸ் அண்ணை உன் கையைக் குலுக்கி, "மாப்பிள்ளை, இனி வீட்டுக் கதவையாவது ஒழுங்காப் பூட்டும். பொம்பிளை ஓடிப்போயிடுவா!" என்றார். ஜெனிற்றாவின் அப்பா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மரியதாஸ் அண்ணை விபரமாகச் சொன்னார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் கப்பல்துறைக் காணியில் கொட்டில் கட்டப்போகும் மாப்பிள்ளையைப் பற்றி அந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை. நீ கட்டிய அந்தத் தனித் தீன் அறை அதற்குப் பிறகு வந்ததுதானே? அவருக்கு நீ கொடுத்த வாக்கு அது. இல்லை என்று சொல்லாதே.

இவ்வளவும் வாசித்தபின் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "அது பழைய கதை அம்மா, விடுங்கோ" என்பாய். எனக்கு அந்தப் பதில் வேண்டாம். நீ அப்படிச் சொன்னால், நான் வளர்த்த பிள்ளை பேசுகிறது, நீ பேசவில்லை. ஒரு தரம் கோபப்படு. ஏழு வருடம் நீ உன்னை எப்படிப் பார்த்தாய், எத்தனை படலையை இழுத்து இழுத்துப் பார்த்தாய், ஆறு வருடம் யாருடைய வெயிலில் நின்றாய் என்று கணக்குப் பார். அந்தக் கணக்கை என்னிடம் கொண்டுவா. நான் உன்னோடு வாதாட மாட்டேன்.

புத்திமதி சொல்லாமல் ஒரு கடிதம் முடிப்பது என்னால் ஏலாது, ஆகவே கொஞ்சம். கழுதை மெலிந்தால் வயிற்றுப் பூச்சியைப் பார், பல்லைப் பார், குளம்பைப் பார். யாராவது சிரித்தார்கள் என்று வாளியைத் தூக்காதே. ஆடு குட்டி போடும் கிழமைகளில் கழுதையைப் பக்கத்து அடைப்பில் வை. குட்டியைக் காணட்டும், தொட வேண்டாம். கோழி வளர்க்க ஜெனிற்றாவுக்கு ஆசை என்றால் வளர்க்க விடு. தீன் அறையைக் கொட்டிலோடு சேர்த்துக் கட்டு. உன்னால் அதைப் பூட்ட முடியும். எப்போதாவது பூட்ட மறந்தால், மறந்துவிட்டாய், அவ்வளவுதான். மனிதர் மறப்பார்கள். அன்று ஆண்டாங்குளத்தில் நீ மறந்ததால் ஒரு உயிரும் போகவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால், அதன் கையிலிருந்து வாங்கும் எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்காதே. சரிந்த கப்பை நீயாகப் பார்த்துச் செய். நான் வந்து நூல் பிடிக்கமாட்டேன்.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன்.   "நான் அவனை என்னவெல்லாம் பேசினனான்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கலியாணத்துக்கு வரும்போது கேட்பார். ஜெனிற்றாவின் வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன். அவளுடைய அப்பாவுக்கும் அவளுக்கும் நானே சொல்வேன். அங்கிருந்து மரியதாஸ் அண்ணை வீட்டுக்கும் போவேன். நீ கூட வரத் தேவையில்லை. வரவும் வேண்டாம்.

கலியாணத்தன்று காலை, கோயிலுக்குப் புறப்படுமுன், மாப்பிள்ளை தாய் தகப்பனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஆசீர்வாதம் வாங்குவது நம்முடைய வழக்கம். வீடு நிறையச் சனம் நிற்கும். மன்னார் மச்சாள் குடும்பம், கட்டாரில் இருந்து அப்பாவோடு வருகிறவர்கள், வீடியோக்காரன், எல்லோரும். நெற்றியில் சிலுவை போட நான் கையை உயர்த்துவேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கையால் வாங்க உனக்கு மனமில்லையென்றால், அப்பாவுக்கு முன்னால் மட்டும் இருந்துவிட்டு எழும்பிப் போ. அரைகுறை மனத்தோடு எனக்காக முழங்காலில் இராதே. அந்த அறையில் யாராவது, "ஏன், தாய்க்கு முன்னால இருக்கேல்லையே?" என்று கட்டாயம் கேட்பார்கள். நீ உன் வழக்கப்படி பழியை உன் பக்கம் இழுத்துக்கொண்டு ஏதாவது சொல்லத் தொடங்குவாய்.

சொல்லாதே. நான் சொல்கிறேன்.

அம்மா
லிங்கநகர்